ஜப்பானிய மொழி கற்கும்போது ஆர்வம் வற்றாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வார இறுதி வகுப்புகளில் ஜப்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் பொறியாளர்கள் வருகிறார்கள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக நினைக்கும் நர்சுகள் வருகிறார்கள். அனிமே பார்த்து ஆசைப்பட்ட கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் எல்லாரும் இலக்கணச் சந்தேகத்தைவிட அதிகம் கேட்பது, "ஆர்வம் போயிடுச்சு சென்செய், என்ன பண்றது?" என்பதைத்தான். சென்செய் என்றால் ஆசிரியர். வகுப்பு முடிந்து வாசலில் நின்று சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன்.

பதில்களில் ஜேஎல்பிடி என்ற பெயர் அடிக்கடி வரும். ஜப்பானிய மொழித் திறனுக்கு உலகம் முழுக்க நடக்கும் தேர்வு அது. என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை. ஜூலை, டிசம்பர் மாதங்களில் முதல் ஞாயிறன்று நடக்கும்.

முதல் மாதம் இருந்த வேகம் இப்போது இல்லை. எனக்கு மொழி வராதோ?

வரும். வேகம் குறைந்ததை வைத்து உங்கள் திறமையை எடை போடாதீர்கள். ஜப்பானியத்தில் ஆர்வம் வடிகிற இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் பொதுவானவை.

முதல் இடம், எழுத்து கற்று முடித்தவுடன். ஹிரகானா, கட்டகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளிலும் தலா 46 எழுத்து. நாளுக்கு ஐந்து எழுத்து என்று படிக்கும்போது எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று கணக்குத் தெரியும். அது முடிந்ததும் சொல், வாக்கியம், இடைச்சொல் எல்லாம் ஒன்றாக வந்து விழும். இன்று என்ன கற்றோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டாவது இடம், வினைச்சொல்லின் 'தெ' வடிவம். மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள் நூறைத் தாண்டும்போது. நான்காவது, என்4க்கும் என்3க்கும் நடுவே.

இந்த நான்கு இடத்திலும் காரணம் வேறு வேறு. அதனால் செய்ய வேண்டியதும் வேறு வேறு. உற்சாகமூட்டும் வீடியோ பார்த்தால் இரண்டு நாள் தெம்பு வரும், மூன்றாம் நாள் அதே பாடம் அதே இடத்தில் நிற்கும். அதற்குப் பதில் உங்கள் நோட்டை எடுத்து, கடைசியாகத் தேதி போட்டு எழுதிய பக்கத்தைத் திறங்கள். எந்தப் பாடத்தில் கை நின்றது என்று அங்கே தெரியும். பெரும்பாலும் அந்தப் பாடத்துக்கு முந்தைய பாடத்தில் ஏதோ ஒன்று புரியாமலே கடந்து வந்திருப்பீர்கள். அதைச் சரிசெய்தால் ஆர்வம் திரும்புவதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தமிழருக்கு ஜப்பானியம் எளிது என்கிறார்கள். உண்மையா, ஆறுதலுக்குச் சொல்வதா?

இலக்கணத்தைப் பொறுத்தவரை உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ் மாணவர்கள் சோர்ந்துபோக ஒரு பெரிய காரணம் இதைக் கவனிக்காமல் இருப்பதுதான்.

நம் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடு வருகின்றன. ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, அதை மனதுக்குள் தமிழாக்கிப் புரிந்துகொள்கிறோம். வாக்கியம் தலைகீழாகி, மறுபடியும் தலைகீழாகிறது. நேராகத் தமிழோடு வைத்துப் பாருங்கள். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பது 'கினோ கத்த ஹொன்'. கினோ நேற்று, கத்த வாங்கிய, ஹொன் புத்தகம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர் இதற்காக ஒரு பாடம் முழுக்கப் போராடுவார். நமக்கு அது பெயரெச்சம், அவ்வளவுதான்.

'தெ' வடிவமும் அப்படியே. அது நம் வினையெச்சம். 'தபெதெ' என்றால் 'சாப்பிட்டு'. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது, மிரு என்பதும் பார்க்கிற வினைதான். 'கைதெ ஒகு' என்றால் எழுதி வைப்பது, ஒகு என்பதும் வைக்கிற வினைதான். 'தபெதெ ஷிமவு' என்றால் சாப்பிட்டுவிடுவது. 'என்று சொன்னார்' என்பதில் வரும் 'என்று' வேலையை அங்கே 'தொ' செய்கிறது. 'நானும்' என்பதில் உள்ள 'உம்' அங்கே 'மோ'. யார் என்பதற்கு 'தரெ', யாரோ என்பதற்கு 'தரெகா', 'யாரும் வரவில்லை' என்பதில் உள்ள யாரும் என்பதற்கு 'தரெமோ'. 'கொரெ, சொரெ, அரெ' என்ற மூன்று சுட்டுகளைக் கேட்டால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் உடனே சிரிப்பார்கள், இது, உது, அது என்று அவர்கள் பேச்சில் மூன்றும் இன்றும் இருப்பதால்.

வினை அங்கே ஆளுக்கேற்ப மாறாது. போகிறேன், போகிறாய், போகிறார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். ஒழுங்கு மீறிய வினைகள் என்று பாடநூல்கள் தனியாக வைப்பது சுரு, குரு என்ற இரண்டைத்தான்.

ஒலியிலும் நமக்குச் சாதகம் உண்டு. குறில் நெடில், ஒற்று மிகுதல் எல்லாம் நம் காதுக்குப் பழக்கம். ஒபசான் என்றால் அத்தை, ஒபாசான் என்றால் பாட்டி. கிதெ என்றால் வந்து, கித்தெ என்றால் தபால் தலை. மற்ற பலர் இங்கே தடுமாறுவார்கள்.

கடினமான பகுதிகளும் இருக்கின்றன. 'வா' (wa), 'கா' (ga) என்ற இரண்டு இடைச்சொற்களின் வேறுபாட்டுக்குத் தமிழில் நேரான இணை இல்லை. 'z' ஒலி சிலருக்கு 'ஜ' ஆகிவிடும். சொல்லுக்குள் குரல் ஏறி இறங்கும் இடம் மாறினால் பொருள் மாறும். காஞ்சி இருக்கிறது, அதற்குத் தனியாக வருகிறேன்.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாடநூலில் சிக்கலாகத் தெரிந்த ஒரு இலக்கணப் பகுதியை எடுத்து, ஆங்கில விளக்கத்தை மூடிவிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குக் கீழே பேச்சுத் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத்துத் தமிழைவிடப் பேச்சுத் தமிழ் இதற்குப் பொருத்தம். 'சாப்ட்டு பாத்தேன்' என்று எழுதும்போது பாதிக் குழப்பம் போய்விடும்.

அப்படியென்றால் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பமா?

ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு அப்படி ஓர் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. தொடர்பில்லாத மொழிகளிலும் இதே அமைப்பு வரலாம், கொரியனும் துருக்கியும் வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. கற்கிறவருக்கு அமைப்பு ஒத்திருப்பதே போதுமான உதவி.

எதிர்த்திசையில் வந்தவர்களையும் நினைத்துக்கொள்ளலாம். நொபொரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து தமிழ் கற்று, சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்து, தென்னிந்திய வரலாற்றில் பெரிய ஆய்வாளராக நின்றார். 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மொத்தம் எவ்வளவு காலம் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ஜப்பானியத்தை மிகக் கடினமான பிரிவில் வைத்து, 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கிடுகிறது. ஸ்பானிஷுக்கு ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. இது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள், முழுநேரம் படித்து, வேலையில் பயன்படுத்தும் அளவுக்குத் தேறுவதற்கான கணக்கு. நமக்கு இலக்கணத்தில் கணிசமாகக் குறையும், காஞ்சியில் குறையாது.

தினம் ஒரு மணி நேரம் என்றால் 2,200 மணி ஆறு ஆண்டு. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். 'மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம்' என்ற விளம்பரத்தை நம்பிச் சேருகிறவர்தான் நான்காம் மாதம் தன்னையே நொந்துகொண்டு விலகுகிறார். ஒழுங்காக வருகிறவர்கள் என் வகுப்பில் அரை ஆண்டு வாக்கில் என்5 எழுதுகிறார்கள், அதற்கு மேல் ஒரு வருடத்தில் என்4. இந்த வேகத்தில் போனால் நீங்கள் சரியாகத்தான் போகிறீர்கள்.

எனக்கு வேலைக்குத்தான் வேண்டும். மொழி மேல் பெரிய காதல் எல்லாம் இல்லை. இந்தக் காரணம் போதுமா?

போதும். இதைக் கேட்கும்போது பலர் குற்ற உணர்ச்சியோடு கேட்கிறார்கள், அதற்குத் தேவையே இல்லை.

கனடாவில் ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் 1959 முதல் இதை ஆராய்ந்தார்கள். அந்த மொழி பேசும் மக்களோடு நெருங்க வேண்டும் என்று கற்பவர் ஒரு வகை, வேலை, சம்பளம் போன்ற பயனுக்காகக் கற்பவர் இன்னொரு வகை என்று பிரித்தார்கள். முதல் வகைதான் நீடித்து நிற்கும் என்ற எண்ணம் அப்போது பரவியது. ஆனால் 1972இல் யாஸ்மீன் லுக்மானி பம்பாயில் மராத்தி பேசும் மாணவிகளிடம் ஆய்வு செய்தபோது, பயனுக்காக ஆங்கிலம் கற்ற ஆர்வமே அவர்களின் மதிப்பெண்ணோடு அதிகம் ஒத்துப்போனது. நம் ஊரில் வேலைக்காக ஆங்கிலம் கற்றுச் சரளமாகப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

வேலைக் காரணத்தில் ஒரே ஒரு பலவீனம் உண்டு. அது தூரத்தில் இருக்கிறது. ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு என்4 அல்லது அதற்கு இணையான அடிப்படைத் தேர்வு வேண்டும், முதியோர் பராமரிப்புக்கு அத்துறை மொழித் தேர்வு இன்னொன்று கூடுதல். இதெல்லாம் பாஸ் ஆகி, நேர்காணல் முடிந்து, விசா வரும்வரை இன்று மாலை பாடம் படிக்க அந்தக் காரணம் தள்ளிவிடாது. அதனால் வேலை சார்ந்த மொழியை இப்போதே தொடுங்கள். பராமரிப்புக்குப் போகிறவர் 'எங்கே வலிக்கிறது', 'மெதுவாக எழுந்திருங்கள்' என்பவற்றை முதல் மாதமே கற்கலாம். ஆலையில் வேலை செய்கிறவர் பாதுகாப்புப் பலகைகளையும், மின்னஞ்சலில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களையும் எடுத்துக்கொள்ளலாம். பாடநூலில் அது முப்பதாம் பாடத்தில் வந்தால் வரட்டும். ஜப்பானியச் சூப்பர்வைசர் சொன்ன ஒரு வாக்கியம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரிந்தது என்று ஒருவர் வகுப்பில் வந்து சொன்ன நாளிலிருந்து, அவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஷிஃப்ட் வேலை, வீட்டு வேலை. தினமும் எப்படிப் படிப்பது?

நேரத்தை நிர்ணயிக்காமல் இடத்தை நிர்ணயியுங்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நேற்றைய பாடத்தின் ஒலிப்பதிவு, டீ இடைவேளையில் சொல் அட்டை. ஷிஃப்ட் மாறினாலும் பஸ்ஸும் டீயும் மாறாது. இருபது நிமிடம் கிடைத்தால் போதும், ஆனால் புதியதை அதில் திணிக்காதீர்கள். வார நாள்களில் பழையதைத் திருப்புங்கள், புதிய பாடத்தை விடுமுறை நாளில் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். களைத்த மூளையில் புதிய இலக்கணம் ஏறாது, ஏறவில்லை என்ற கவலை மட்டும் மிஞ்சும்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று தோன்றுகிறது. ஆப்பில் நூறு நாள் தொடர்ச்சி அறுந்துவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் புதுப் பழக்கம் படிவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஆப் காட்டும் தொடர்ச்சி எண் சிலருக்கு நல்லது. ஆனால் அந்த எண்ணைக் காப்பாற்ற இரவு பதினொன்றரைக்கு மிக எளிதான பயிற்சி ஒன்றைத் தட்டிவிட்டுத் தூங்குகிறீர்கள் என்றால், அதை அணைத்துவிடுங்கள். தவறிய நாளின் பாடத்தை மறுநாள் சேர்த்துப் படிக்கவும் வேண்டாம். இரட்டைச் சுமை மூன்றாம் நாளையும் தின்றுவிடும்.

காஞ்சியைப் பார்த்தாலே புத்தகத்தை மூடத் தோன்றுகிறது.

அன்றாடப் பயன்பாட்டுக்கான காஞ்சிப் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. எண்ணிக்கையைக் கேட்டு மலைப்பது இயல்பு. ஜப்பானியக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முதல் வகுப்பில் 80 எழுத்து. தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டுகளும் சேர்த்து 1,026. அதுவும் நாள் முழுக்க அந்த மொழியிலேயே வாழ்ந்துகொண்டு. நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு வருடத்தில் 200 எழுத்து கற்றிருந்தால் அது பெரிய வேலை.

முறையில் மூன்று மாற்றம் சொல்வேன்.

காஞ்சியைத் தனி எழுத்தாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஓர் எழுத்துக்கு நான்கைந்து உச்சரிப்புகள் இருக்கும், எல்லாவற்றையும் பட்டியலாகப் படித்தால் ஒன்றும் தங்காது. தெரிந்த சொல்லோடு கற்றுக்கொள்ளுங்கள். தோக்யோ என்ற பெயரில் கிழக்கும் தலைநகரும் இருக்கின்றன, அந்த இரண்டு எழுத்தும் அந்தப் பெயரோடு வரட்டும்.

அடுத்தது, உறுப்புகளைக் கவனியுங்கள். நீலத்தைக் குறிக்கும் ஒரு காஞ்சிக்கு 'செய்' என்று ஓர் ஒலி உண்டு. அதன் இடப்பக்கம் நீர்த்துளிகள் சேர்ந்தால் தூய்மை, சூரியன் சேர்ந்தால் வானம் வெளுப்பது, பேச்சு சேர்ந்தால் வேண்டிக் கேட்பது. மூன்றுக்கும் அதே 'செய்' ஒலி உண்டு. ஒரு பக்கம் பொருளைச் சொல்லும், மறுபக்கம் ஒலியைச் சொல்லும். காஞ்சிகளில் பெரும்பாலானவை இந்த வகை. நூறு எழுத்துக்குப் பிறகு இது கண்ணில் படத் தொடங்கும், அதற்குப் பிறகு கற்பது வேகமாகும். அதாவது நீங்கள் வெறுத்து நிறுத்துகிற இடம், எளிதாகத் தொடங்கப்போகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது, இருந்தாலும் இன்னும் சொல்வேன்.

மூன்றாவது, ஜேஎல்பிடியில் கையால் எழுதும் பகுதி கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பது. எழுதிப் பழகினால் நினைவில் நிற்கும் என்கிறவர்கள் எழுதட்டும். எழுதுவதுதான் உங்களைத் துரத்துகிறது என்றால், அடையாளம் கண்டு வாசிக்க மட்டும் பழகுங்கள். போனில் தட்டச்சு செய்ய அதுவே போதும்.

என்5, என்4 சுலபமாகத் தாண்டினேன். என்3 படிக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது, ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை.

அந்த இடைவெளி உண்மையிலேயே பெரியது. 2010க்கு முன் இந்தத் தேர்வில் நான்கு நிலைகள்தான் இருந்தன. ஏறக்குறைய இன்றைய என்4 அளவிலான அன்றைய மூன்றாம் நிலைக்குச் சுமார் 1,500 சொற்களும் 300 காஞ்சியும் போதும். அடுத்த நிலையான இரண்டுக்குச் சுமார் 6,000 சொற்களும் 1,000 காஞ்சியும் வேண்டும். ஒரே தாவலில் நான்கு மடங்கு சொல். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2010இல் நடுவே புதிதாக என்3ஐச் சேர்த்தார்கள். பள்ளத்துக்குள் நிற்கும் உங்களுக்கு நகராத மாதிரி தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 500 சொல் தெரிந்தவருக்கு மாதம் 100 சொல் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு வளர்ச்சி. 2,500 சொல் தெரிந்தவருக்கு அதே 100, இருபத்தைந்தில் ஒரு பங்கு. நீங்கள் அதே வேகத்தில்தான் உழைக்கிறீர்கள், கண்ணுக்குத் தெரிவது மட்டும் குறைகிறது.

இந்தக் கட்டத்தில் பாடநூலையே பிடித்துக்கொண்டிருப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். என்4 வரை பாடநூல் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. இனி நிறைய வாசிக்க வேண்டும், நிறையக் கேட்க வேண்டும், அதுவும் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு துறையில். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே எளிய ஜப்பானியத்தில் செய்திகள் வெளியிடுகிறது, காஞ்சிக்கு மேலே உச்சரிப்பும் இருக்கும். சமையல் பிடித்தவர் சமையல் வீடியோக்களை எடுத்துக்கொள்ளலாம், நறுக்கு, வதக்கு, கொதிக்க விடு என்று ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து தானாகப் பதியும். ரயில், பேஸ்பால், தோட்டம், எதுவானாலும் சரி. ஒரே துறையில் மூன்று மாதம் இருங்கள். தினம் ஒரு புதுத் தலைப்பு என்று தாவினால் ஒவ்வொரு நாளும் புதுச் சொற்கள் மோதும்.

முன்னேற்றத்தை அளக்க, ஆறு மாதம் முன்பு திணறிப் படித்த ஒரு பக்கத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். போன வாரத்தோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது.

தேர்வில் ஃபெயில் ஆகிவிட்டேன். வீட்டில் 'உனக்கெதுக்கு இது' என்கிறார்கள்.

முதலில் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். பலர் 'ஃபெயில்' என்ற ஒரு சொல்லோடு மூடிவிடுகிறார்கள். என்5 தேற மொத்தம் 180க்கு 80 வேண்டும். அதோடு மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38, கேட்டல் பகுதியில் 60க்கு 19 தனித்தனியாக வேண்டும். மொத்தத்தில் 100 எடுத்தும் கேட்டலில் 17 வாங்கித் தோற்றவர்களுக்கு மொழி தெரியாது என்று யார் சொல்ல முடியும்? காதுக்குப் பயிற்சி போதவில்லை, அவ்வளவுதான். பட்டியலில் சொல், இலக்கணம் போன்றவற்றுக்கு ஏ, பி, சி என்ற குறியும் இருக்கும். சி வந்த இடத்தில்தான் அடுத்த நான்கு மாதமும் உழைக்க வேண்டும்.

வீட்டில் சொல்வதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, அடுத்த தேதியைச் சொல்லிவிட்டுப் படியுங்கள்.

அனிமே பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?

காது பழகும், ஆசை நிற்கும், இரண்டும் பெரிய விஷயம். ஆனால் கதாபாத்திரங்கள் பேசும் முரட்டு நடையை அலுவலகத்தில் பேசினால் எதிரே இருப்பவர் முகம் மாறும். ஒரு காட்சியை எழுத்துத் துணை (சப்டைட்டில்) இல்லாமல் ஒருமுறை, ஜப்பானிய எழுத்துத் துணையோடு ஒருமுறை பார்த்தால் அது படிப்பு. மற்றபடி ரசித்துப் பாருங்கள், அதற்குக் கணக்கு வேண்டாம்.

படித்தால் புரிகிறது, பேச வாய் வரவில்லை. கூச்சமாக இருக்கிறது.

ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது. என்3 வரை வாயைத் திறக்காமலே போய்விடலாம், அதனால்தான் இந்தச் சிக்கல் இவ்வளவு பேருக்கு வருகிறது.

கேட்டதை அரை நொடி பின்னால் நிழல் மாதிரி திருப்பிச் சொல்லும் பயிற்சியில் தொடங்குங்கள். எதிரே ஆள் இல்லை, கூச்சமும் இல்லை. அப்புறம் 'ஸோ தெஸு நே', 'நருஹொதோ' போன்ற ஒத்துப்பேசும் சொற்கள். ஜப்பானியர் பேசும்போது எதிரே இருப்பவர் இப்படி இடையிடையே சொல்லிக்கொண்டே இருப்பார், நாம் கதை கேட்கும்போது 'ம்' கொட்டுகிறோமே, அது போல. இந்த நாலைந்து சொல் இருந்தால் உரையாடலில் பாதி நேரம் நீங்களும் பங்கெடுத்த மாதிரிதான்.

ஆள் கிடைக்கவில்லை என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'முத்து' படம் 1998இல் ஜப்பானில் ஓடியதிலிருந்து தமிழ்ப் படங்களுக்கு அங்கே ரசிகர்கள் இருக்கிறார்கள், தமிழ் கற்கிறவர்களும் இருக்கிறார்கள். மொழிப் பரிமாற்ற ஆப்களில் அவர்களைத் தேடுங்கள். அவர் தமிழில் தட்டுத்தடுமாறுவதைப் பொறுமையாகக் கேட்ட பிறகு, உங்கள் ஜப்பானியத்துக்கு வெட்கப்படத் தோன்றாது.

வகுப்பில் எல்லாரும் என்னைவிட வேகமாகப் போகிறார்கள்.

அவர்களில் சிலர் ஏற்கனவே ஒருமுறை என்5 படித்துவிட்டு மறுபடி சேர்ந்தவர்கள். சிலருக்கு அலுவலகத்தில் தினமும் மொழி காதில் விழுகிறது. கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

நாற்பது வயதுக்கு மேல் தொடங்கினால் வருமா?

வரும். உச்சரிப்பில் கொஞ்சம் தமிழ் மணம் ஒட்டியிருக்கும், சொல் மனப்பாடத்துக்குக் கூடுதல் தடவை திருப்ப வேண்டியிருக்கும். ஆனால் எதற்குப் படிக்கிறோம் என்று தெரிந்து வருவதால், என் வகுப்பில் நடுவில் நிற்காதவர்கள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்கள்தான்.

கொஞ்ச நாள் நிறுத்திவிடலாமா?

சில நேரம் அதுவே சரி. வீட்டில் நோயாளி இருக்கிறார், குழந்தை பிறந்திருக்கிறது, வேலை மாறியிருக்கிறது என்றால் நிறுத்துங்கள். ஆனால் திரும்பும் தேதியை எழுதி வைத்துவிட்டு நிறுத்துங்கள். அதுவரை வாரம் ஒரு ஜப்பானியப் பாட்டாவது கேளுங்கள். காரணமே போய்விட்டது, ஜப்பான் போகும் திட்டம் இல்லை, மொழியும் பிடிக்கவில்லை என்றால் முழுதாக விடுவதிலும் தவறில்லை. கட்டிய பணத்துக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதியின் வேகத்தை அவர் காட்டியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. மறந்துபோன மாதிரி தெரிந்ததைத் திரும்பக் கற்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆனது.

முதல் வாரம் ஹிரகானா, கட்டகானாவை மட்டும் வேகமாக வாசித்துப் பழகுங்கள். இரண்டாம் வாரம், பழைய நோட்டில் கை நின்ற பக்கத்துக்கு ஐந்து பாடம் முன்னால் போய், பாடத்துக்கு இரண்டு நாள் என்று திருப்புங்கள். ஆப்பில் பழைய அட்டைக் கட்டைத் திறக்காதீர்கள், அதில் சேர்ந்து கிடக்கும் ஆயிரம் திருப்புதல் அட்டைகள் முதல் நாளே உங்களைத் துரத்திவிடும். புதிய கட்டு ஒன்றைத் தொடங்கி, நாளுக்குப் பத்துச் சொல் சேருங்கள். புத்தகம் தொலைந்துவிட்டால், ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் வெளிநாடுகளில் பரப்பும் அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன் தன் தளத்தில் பாடநூலும் ஒலிப்பதிவும் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து என்5 மாதிரித் தேர்வு ஒன்று எழுதிப் பார்த்துவிட்டு, எந்த வகுப்பில் சேரலாம் என்று முடிவு செய்யுங்கள்.